அடுத்த கட்டிலுக்காக வாசித்தது

1

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனையில் வேதம் வாசிக்கும் முறை எனக்கு வந்தது. நாங்கள் இருப்பது அயர்லாந்தின் நடுப்பகுதியில் ஒரு சின்ன ஊர். சுற்றிலும் புல், மாடு, மழை. எங்கள் கோயில் ஒரு பழைய கல் கட்டடம். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வயதான விவசாயிகள்.

அன்றைக்கு வந்த பகுதி ஏசாயா தீர்க்கதரிசி சொல்வது. ஜனங்கள் தங்கள் வாள்களை அடித்துக் கலப்பைக்குக் கொழுவாக்கும் ஒரு காலம் வரும் என்கிறார். கலப்பையை ஆங்கிலத்தில் ‘ப்ளவ்’ என்று சொல்ல வேண்டும். ஆனால் எழுதியிருப்பதைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. ரஃப், டஃப் என்று எழுதும்போது கடைசியில் வருகிற அதே எழுத்துகள்தான் இதிலும் வருகின்றன. நான் சத்தமாக, நிறுத்தி, ‘ப்ளஃப்’ என்றேன். காலமெல்லாம் உழுதவர்கள் உட்கார்ந்திருக்கிற இடம் அது. ஒரு மெல்லிய சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. கேலி இல்லை. ஆராதனை முடிந்ததும் ஒரு பெரியவர் என் தோளைத் தட்டி, “உன் கலப்பை எங்கள் கலப்பையை விட நன்றாக உழுதது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. சிரிக்காதவள் என் மகள் கிருபா. பதினைந்து வயது. ஐந்து வயதில் ஓசூரிலிருந்து எங்களோடு வந்தவள். இப்போது பேசுவது, யோசிப்பது, கோபப்படுவது எல்லாம் ஆங்கிலத்தில். தமிழ் எங்களுக்காக மட்டும்.

காரில் திரும்பும்போது பின்சீட்டிலிருந்து சொன்னாள்: “அப்பா, இனிமே நீங்க வாசிக்க வேண்டாம். ப்ளீஸ். என் ஸ்கூல் பசங்க ரெண்டு பேர் இருந்தாங்க அங்க.”

“ஒரு வார்த்தைதானேம்மா.”

“ஒவ்வொரு தடவையும் ஒரு வார்த்தை. வேற யாராச்சும் வாசிக்கட்டுமே. உங்களுக்கு ஏன் இது அவ்ளோ முக்கியம்?”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி சுகுணா என்னைப் பார்த்தாள். நான் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தேன். ஸ்டியரிங் மேல் என் வலது கை இருந்தது. அதில் கட்டைவிரல் மட்டும்தான் உண்டு. மற்ற நான்கும் ஓசூரில் போயின. கிருபாவுக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த கை அது. ‘மெஷின்ல அடிபட்டுச்சு’ என்று ஒரு வரியில் சொல்லியிருக்கிறேன். அதற்கு மேல் அவள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

அன்று மாலை சமையலறை மேசையில் உட்கார வைத்துச் சொன்னேன். நாங்கள் இங்கே வந்து இந்த மாதத்தோடு பத்து வருடம் முடிகிறது. ஊரில் இருந்து இதை வாசிக்கிற உங்களுக்கும் அதையே எழுதலாம் என்று தோன்றியது.

2

என் அப்பாவும் அம்மாவும் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர்கள். மானாவாரி நிலத்தை நம்பிப் பயனில்லை என்று ஓசூருக்கு வந்தவர்கள். மத்திகிரியில் வாடகை வீடு. வரிசையாகப் பத்து வீடுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாவட்டத்துத் தமிழ். வீட்டுக்காரர் தெலுங்கு பேசுவார், பால்காரர் கன்னடம். அம்மா முருகன் படத்துக்கு விளக்கேற்றாமல் அடுப்புப் பற்ற வைக்க மாட்டார். நான் ஐ.டி.ஐ. முடித்து, வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் பிரஸ் ஷாப்பில் சேர்ந்தேன். தகட்டை உள்ளே வைக்க வேண்டும், பிரஸ் இறங்கும், வடிவம் பிடித்து வெளியே வரும். நன்றாகத்தான் செய்தேன். அப்பா போன பிறகு வீடு என் சம்பளத்தில் ஓடியது.

அந்த நாள் என்ன நடந்தது என்று எனக்கே சரியாகத் தெரியாது. தகடு சற்றுத் திரும்பியிருந்தது, சரி செய்யக் கை நீட்டினேன் என்பது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. அப்புறம் ஆஸ்பத்திரிதான்.

மாடியில் ஆண்கள் வார்டு. ஜன்னலுக்கு வெளியே ஷிப்ட் முடிந்து போகிற கம்பெனி பஸ்கள் தெரியும். என்னோடு வேலை செய்தவர்கள் அதில் தூங்கிக்கொண்டு போவார்கள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன். சாப்பாடு இறங்கவில்லை. கட்டுப் போட்ட கையைப் பார்க்கவே மாட்டேன். ஊரில் எனக்குப் பேசி வைத்திருந்த பெண் வீட்டிலிருந்து, இப்போதைக்கு எதுவும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அம்மா அதை என்னிடம் சொல்லாமல் மறைக்கப் பார்த்தார். அவர் முகத்திலேயே தெரிந்தது. உயிரோடு இருந்து என்ன செய்யப் போகிறேன் என்ற கேள்வி தலைக்குள் நிற்காமல் ஓடியது.

அடுத்த கட்டிலில் இரண்டு கண்ணையும் கட்டி ஒருவரைப் படுக்க வைத்திருந்தார்கள். பெயர் தங்கராஜ். நாற்பது வயது இருக்கும். தூத்துக்குடிப் பக்கம். முலாம் பூசுகிற பட்டறையில் வேலை. ரசாயனம் தெறித்து முகத்தில் பட்டுவிட்டது. அவர் அமைதியான நோயாளி இல்லை. ஃபேன் சத்தம் போடுகிறது என்பார், இட்லி கல்லாக இருக்கிறது என்பார், பகலா இரவா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் கேட்பார். அவர் மனைவி வசந்தா அக்கா மதியம் சாப்பாடு கொண்டுவரும்போது மட்டும்தான் வார்டு நிம்மதியாக இருக்கும்.

அவருக்குத் தலைமாட்டில் ஒரு பைபிள் இருந்தது. அதை யாராவது வாசியுங்கள் என்று எல்லோரையும் கேட்பார். வசந்தா அக்கா பள்ளிக்கூடம் போகாதவர். ஒருநாள் பகல் வேளையில் தங்கராஜின் தொல்லை தாங்காமல் ட்யூட்டி நர்ஸ் அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு என் கட்டிலுக்கு வந்தாள்.

“நீங்க வாசிங்க அவருக்கு.”

“நான் எதுக்கு? எனக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? நீங்க கிறிஸ்டியன்தானே, நீங்களே வாசிங்க.”

“நான் தளி பக்கம். கன்னட மீடியம். தமிழ் பேசுவேன், ஓத வராது எனக்கு.”

“எனக்கும் முடியாதுங்க. என் நிலைமை பாத்தீங்கல்ல.”

அவள் என் கையைப் பார்த்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். “கண்ணு நல்லாத்தானே இருக்கு உங்களுக்கு?” என்றாள். இரக்கமே இல்லாமல், இன்று மருந்து உண்டு என்று சொல்வது போலச் சொன்னாள். அந்த நர்ஸ்தான் சுகுணா.

3

என் வலது கையில் கட்டு இருந்தது. இடது கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. புத்தகத்தைப் பிடிக்கவும் முடியாது, தாளைத் திருப்பவும் முடியாது. சுகுணா தங்கராஜ் அண்ணனை எழுப்பிக் கூட்டிவந்து என் கட்டில் விளிம்பில் உட்கார வைத்தாள். புத்தகத்தை அவர் மடியில் விரித்தாள். நான் வாசிப்பேன், பக்கம் முடிந்ததும் ‘ம்’ என்பேன், அவர் விரலால் தடவி ஒரு தாளைத் திருப்புவார். சில சமயம் இரண்டு தாள் சேர்ந்து வந்துவிடும். அப்போது கதை எங்கேயோ போய் நிற்கும்.

“எங்க வாசிக்கணும்?” என்று கேட்டேன்.

“யோபு வாசி. அவன்தான் நல்லாச் சண்டை போடுவான்.”

அவர் வாயை அடைக்க வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன். அந்தப் பழைய தமிழ் எனக்குப் பிடிபடவில்லை. எழுத்துக் கூட்டி, தப்பும் தவறுமாகப் போனேன். அண்ணன் நடுநடுவே, “என்ன டே இப்படிக் கொல்லுத?” என்பார். ஆனால் கதை பிடித்துக்கொண்டது. எல்லாம் பறிபோய், உடம்பெல்லாம் புண்ணாகி, சாம்பலில் உட்கார்ந்திருக்கிற ஒரு மனிதன், தான் பிறந்த நாளே இல்லாமல் போயிருக்கக் கூடாதா என்று கேட்கிறான். பார்க்க வந்த நண்பர்கள் ஆளாளுக்கு உபதேசம் செய்கிறார்கள். அவன் அவர்களையும் விடவில்லை, கடவுளையும் விடவில்லை.

வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டேன்: “அண்ணே, சாமி புஸ்தகத்துல இப்படியெல்லாம் இருக்குமா?”

“இருக்கு. அதனாலதான் கேக்கேன். நான் திட்ட நெனைக்கிறதயெல்லாம் எனக்கு முன்னாடியே ஒருத்தன் திட்டி வச்சிருக்கான். அதையும் தூக்கிப் போடாம உள்ளயே வச்சிருக்காவ பாரு.”

விபத்துக்குப் பிறகு என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ‘மனசைத் தளர விடாதே’ என்றார்கள். தளரலாம் என்று சொன்ன முதல் ஆள் யோபு. அன்று மாலை சாப்பாட்டுத் தட்டு வந்தபோது நான் திரும்பிப் படுக்கவில்லை.

மறுநாளும் வாசித்தேன். அதற்கடுத்த நாள் அவர் கேட்பதற்கு முன்பே, “எங்க விட்டோம்?” என்று நான் கேட்டேன். ஒரு மனிதன் எனக்காகக் காத்திருந்தான். என் குரல் இல்லாவிட்டால் அவனுக்கு அந்தப் பகல் நகராது. கை போன பிறகு என்னால் ஆகிற முதல் காரியம் அது.

வார்டுச் சுவரில் யாரோ ஒரு சபைக்காரர்கள் மாட்டிவிட்டுப் போன காலண்டர் ஒன்று இருந்தது. உனக்கு நல்ல எதிர்காலம் உண்டு, நம்பிக்கை உண்டு என்ற பொருளில் ஒரு வசனம் அதில் பெரிய எழுத்தில். அதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். ஒருநாள் அண்ணனிடம், “அந்த வசனம் எங்க வருதுன்னு பாத்து வாசிக்கட்டுமா? எவ்வளவு பொய்யின்னு பாத்துருவோம்” என்றேன். அவரும் உற்சாகமாகிவிட்டார்.

அது எரேமியா தீர்க்கதரிசி எழுதுவது. ஊரை இழந்து, பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களுக்கு எழுதுகிறார். சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று அங்கே சிலர் ஆசை காட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை. எழுபது வருடம் ஆகும் என்கிறார். அதுவரைக்கும் அங்கேயே வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு விளைந்ததைச் சாப்பிடுங்கள், கல்யாணம் செய்யுங்கள், பிள்ளை பெறுங்கள், உங்களைக் கொண்டுபோன அந்தப் பட்டணம் நன்றாக இருக்க ஜெபம் செய்யுங்கள் என்கிறார். இவ்வளவையும் சொன்ன பிறகுதான் அந்தக் காலண்டர் வசனம் வருகிறது.

தங்கராஜ் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். “எழுபது வருசமா? அப்போ அதக் கேட்டவன்ல பாதிப்பேரு அங்கேயே செத்துல்லா போயிருப்பான்.”

“ஆமாண்ணே.”

“பின்ன இதுல என்ன நம்பிக்கை?”

மடியிலிருந்த தாளைத் தடவிக்கொண்டே அவரே சொன்னார், எனக்குச் சொல்வது போல இல்லை, தனக்கே சொல்லிக்கொள்வது போல: “திரும்பிப் போனாத்தான் வாழ்க்கைன்னு இருக்காத, இங்கயே ஆரம்பின்னுல்லா சொல்லுதான். டாக்டர் கட்டப் பிரிச்சதும் கண்ணு தெரியும், அப்புறம் வாழ்ந்துக்கலாம்னு நான் படுத்துக் கெடக்கேன்.”

நானும் அப்படித்தான் கிடந்தேன். எனக்கு டாக்டர் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. இருந்தாலும் பழைய கை, பழைய பிரஸ், பழைய பஸ் சீட் இவற்றுக்காகவே காத்துக்கொண்டிருந்தேன். அது நடக்காது என்பது அன்றைக்குத்தான் எனக்குள் இறங்கியது. விசித்திரம் என்னவென்றால், அதனால் அழுகை வரவில்லை. இடுப்பில் இறுக்கிக் கட்டியதை அவிழ்த்தது போல மூச்சு விட முடிந்தது. குளுக்கோஸ் கழற்றிய அன்றே சுகுணாவிடம் பேனா கேட்டு, இடது கையால் என் பெயரை எழுதிப் பார்த்தேன். செந்தில் என்பது கோழி கிளறியது போல வந்தது. அவள் பார்த்துவிட்டு, “பரவால்லையே, கன்னட எழுத்து மாதிரி அழகா இருக்கே” என்றாள்.

4

அண்ணனுக்குக் கட்டுப் பிரித்தார்கள். ஒரு கண் முழுக்கப் போய்விட்டது. இன்னொன்றில் வெளிச்சமும் ஆள் நிழலும் மட்டும் தெரிந்தன. நான் அன்று அவர் கட்டிலருகே இருந்தேன். அண்ணன் வசந்தா அக்காவின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்துத் திரும்பி, “இதான் என் பாபிலோன் போல” என்றார். சத்தமாக அழுதது நான்தான்.

கம்பெனியில் எனக்கு ஸ்டோரில் வேலை கொடுத்தார்கள். வசந்தா அக்கா மத்திகிரியில் இட்லிக் கடை போட்டார். அண்ணன் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குரலை வைத்தே ஆளைச் சொல்வார். “கரண்ட் போனா ஊரே தடுமாறும், நான் மட்டும் குறையில்லாம சட்னி ஊத்துவேன்” என்பது அவர் வழக்கமான பேச்சு.

ஞாயிறு மதியங்களில் நாங்கள் இருவரும் அதே வார்டுக்குப் போக ஆரம்பித்தோம். அடிபட்டுக் கிடக்கிற தொழிலாளிகள் எப்போதும் இருப்பார்கள். அண்ணன் யாருக்கும் உபதேசம் செய்ததில்லை. உபதேசம் கேட்டு அலுத்தவர் அவர். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, “என்ன வாசிக்கணும் ஒனக்கு?” என்று மட்டும் கேட்பார். அன்வர் என்று ஒரு லேத் ஆப்பரேட்டர், “அண்ணே, நேத்து மேட்ச் என்ன ஆச்சுன்னு பேப்பர்ல பாருங்க” என்றார். வாசித்தேன். வேதம் கேட்டவர்களுக்கு வேதம் வாசித்தேன். ஒன்றுமே வேண்டாம் என்றவர்களிடம் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

சுகுணாவை நான் கல்யாணம் செய்துகொள்ள விரும்பியபோது இரண்டு வீட்டிலும் தயக்கம். அவர்கள் வீட்டில், பையன் இந்து, அதிலும் கை இப்படி என்றார்கள். எங்கள் சொந்தக்காரர்கள், “வேதக்காரப் பொண்ணா?” என்று இழுத்தார்கள். அம்மாதான் முடித்து வைத்தார். “செவுத்தப் பாத்துக் கெடந்த பிள்ளய எந்திரிச்சு உக்கார வச்சவ அவ. எந்தச் சாமியா இருந்தா என்ன?” என்றார். நான் ஞானஸ்நானம் எடுத்தது அதற்கும் பிறகு, கிருபா பிறந்த வருடம். யாரும் கேட்டு எடுக்கவில்லை. வாசித்து வாசித்து, ஒருநாள் நான் வாசிப்பது அடுத்தவருக்காக மட்டும் இல்லை என்று தெரிந்தது. அம்மா வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார், நெற்றியில் விபூதியோடு. இன்றும் என் தங்கை வீட்டில் முருகனுக்கு விளக்கேற்றுகிறார். போனில் பேசும்போது, “நீ ஒன் சாமிகிட்டச் சொல்லு, நான் ஏஞ்சாமிகிட்டச் சொல்லுறேன்” என்பார்.

5

சுகுணாவுக்கு அயர்லாந்தில் வேலை கிடைத்துக் கிளம்பியபோது, தங்கராஜ் அண்ணன் கடை வாசலில் வைத்துச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: “போற ஊருக்காக ஜெபம் பண்ணு டே. திரும்பி வர்றதுக்காகப் பண்ணாத.”

வந்த முதல் வருடம் அதைச் செய்ய முடியவில்லை. சுகுணா ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவாள், கிருபா பள்ளிக்கூடம் போய்விடுவாள், நான் மழையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். குடியேற்றத் துறைக்குப் பதிவு அட்டை வாங்கப் போனோம். வலது கையின் நான்கு விரல்களையும் கண்ணாடி மேல் வைக்கச் சொன்னார்கள். என்னிடம் இல்லை என்று காட்டினேன். அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. கணினியோ விரல் வேண்டும் என்று அடம் பிடித்தது. மேலதிகாரி வந்தார், இன்னொருவர் வந்தார். எங்கேயோ ஒரு கட்டத்தைக் கண்டுபிடித்து அழுத்தினார்கள். முடிந்ததும் அவள் “யூ ஆர் கிராண்ட்” என்றாள். நான் பெரிய மனிதன் என்று பாராட்டுகிறாள் போல என்று நினைத்து நெஞ்சில் கை வைத்துக் கும்பிட்டேன். ‘சரி, போகலாம்’ என்பதை இவர்கள் அப்படிச் சொல்வார்கள் என்று சுகுணா வெளியே வந்து விளக்கினாள்.

நான் எழுந்து நின்றது தோட்டத்தில்தான். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண் இருந்தது. எரேமியா சொன்னதில் எனக்கு உடனே முடிகிற வேலை அது ஒன்றுதான். வெண்டை போட்டேன், அழுகிப் போனது. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, உருளைக்கிழங்கு போடு என்றார். போட்டேன். வந்தது. அவருக்கு ஒரு பை கொடுத்தேன், அவர் ஒரு பை முட்டைக்கோஸ் கொடுத்தார். அவர் பெயர் தெரிந்தது, அவர் மனைவிக்கு உடம்பு சரியில்லை என்பது தெரிந்தது. அன்றிலிருந்து ஜெபம் செய்ய எனக்கு இந்த ஊரில் ஆள் கிடைத்தார்கள். ஆள் தெரியாமல் ஊருக்காக ஜெபம் பண்ண எனக்கு வரவில்லை. பிறகு முதியோர் இல்லத்தில் துணி துவைக்கும் பகுதியில் வேலை கிடைத்தது. இன்றும் அங்கேதான். மடித்த துணிகளைக் கொண்டுபோய் வைக்கும்போது ஒவ்வொரு அறையிலும் ஐந்து நிமிடம் நின்று பேசிவிட்டு வருவேன். சம்பளம் துணிக்கு. எனக்குப் பிடித்தது அந்த ஐந்து நிமிடம்.

6

சமையலறையில் நான் சொல்லி முடித்தபோது கிருபா தன் கப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சாதாரணமாக இவ்வளவு நேரம் போனைத் தொடாமல் இருப்பதில்லை. கடைசியில் சுகுணாவிடம் திரும்பினாள்.

“அப்போ உனக்குத் தமிழ் படிக்கத் தெரிஞ்சிருந்தா, நான் பொறந்தே இருக்க மாட்டேன்?”

சுகுணா சிரித்தாள். “ஆமா. கவர்ன்மெண்ட் கன்னடப் பள்ளிக்கு தேங்க்ஸ் சொல்லு.”

கிருபா என் கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். சின்ன வயதில் செய்தது, அப்புறம் விட்டுவிட்டது. “நான் இன்னும் ஷுவரா இல்லப்பா, கடவுள் விஷயத்துல” என்றாள். “அதனால நான் சர்ச்சுக்கு வர்றது... எனக்குத் தெரியல.”

“சரிம்மா.”

“கோபமில்லையா?”

“உன் வயசுக்கு மேல ஆகியும் நான் அந்தப் புஸ்தகத்தைத் தொட்டதே இல்லை. யோபு கூட ஷுவரா இல்ல.”

அவள் சிரித்தாள். வருத்தம் எனக்கு இல்லை என்று சொல்ல மாட்டேன். ஞாயிறு காலையில் பின்சீட் காலியாக இருந்தால் வலிக்கத்தான் செய்யும். ஆனால் பயம் இல்லை. விசுவாசம் என்னைத் தேடி வந்தது, நான் அதைத் தேடாதபோதுதான். அவளுக்கு எந்த வழியில் வரும் என்று நான் வரைபடம் போட முடியாது.

அந்த வாரக் கடைசியில் தங்கராஜ் அண்ணனை வீடியோவில் கூப்பிட்டோம். அவர் எப்போதும் போல போனைக் காதில் வைத்தார், எங்களுக்குக் காது மட்டும் தெரிந்தது. இப்போது பைபிளைப் போனிலேயே கேட்கிறாராம். “ஒருத்தன் வாசிக்கான். நல்ல குரல். ஒரு எழுத்துத் தப்பு விட மாட்டேங்கான். அதான் சலிப்பா இருக்கு” என்றார். கிருபா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு தன் உடைந்த தமிழில் கேட்டாள்:

“அங்கிள், உங்களுக்குக் கடவுள் மேல கோபம் போயிடுச்சா?”

அவர் போனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டார். “போகல மக்கா. கொறஞ்சிருக்கு. கோவம் இருக்கும்போதே பேசலாம்னு தெரிஞ்சதால கொறஞ்சிருக்கு. பேச்ச நிறுத்தினாத்தான் கஷ்டம்.”

அவளுக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. அழைப்பு முடிந்ததும், கடைசி வரிக்கு அர்த்தம் என்ன என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

7

இரண்டு வாரம் போனது. நான் வேலைக்குக் கிளம்பும்போது கிருபா கோட் மாட்டிக்கொண்டு வந்து காரில் ஏறினாள். பள்ளியில் சமூக சேவை என்று சில மணிநேரம் செய்து காட்ட வேண்டுமாம், உங்கள் இல்லத்தில் யாராவது கண் தெரியாதவர் இருக்கிறாரா என்று கேட்டாள். சேவை மணிநேரத்துக்கு எத்தனையோ இடம் உண்டு. வண்டியைக் கிளப்பினேன்.

ஒருவர் இருந்தார். தொண்ணூறை நெருங்கிய விவசாயி, பெயர் டெர்மட். சர்க்கரை கண்ணைத் தின்றுவிட்டது. யாரோடும் ஒட்ட மாட்டார். நான் துணி வைக்கப் போனால் கூட, வைத்துவிட்டுப் போ என்பார். செவிலியர் தலைவி, “அவரா? முயற்சி செய்து பார்” என்று சந்தேகத்தோடு அவளை உள்ளே அனுப்பினார்.

நான் துணி மடிக்கிற அறை அதே நடையின் கோடியில். கொஞ்ச நேரத்தில் ஒரு வண்டித் துணியோடு அந்தப் பக்கம் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. கதவு பாதி திறந்திருந்தது. என் மகள் உள்ளூர்ச் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு, மிகவும் கவனமாக, மாட்டுச் சந்தை விலை வாசித்துக்கொண்டிருந்தாள். எந்த இனக் கிடாரி எந்த எடைக்கு எவ்வளவு போனது என்று வரிவரியாக. டெர்மட் கண்ணை மூடி, நாற்காலியில் சாய்ந்து, ஒவ்வொரு விலைக்கும் ஒரு முனகல் கொடுத்தார். சில முனகல் ஒப்புதல், சில அநியாயம் என்று பொருள். ஒரு இடத்தில் அவள் நின்றபோது, “போ, போ, மேலே போ” என்றார்.

நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டேன். துணி மடிக்கும் அறையில் யாரும் இல்லை. அங்கே நின்று கர்த்தருக்கு நன்றி சொன்னேன், வாய்விட்டே.

மாலை மழை பிடித்துக்கொண்டது. கிருபா கோட்டைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு ஓடி வந்து முன்சீட்டில் ஏறினாள். வண்டி கிளம்பிப் பாலம் தாண்டியது. பிறகு சொன்னாள்:

“அப்பா, அடுத்த வாரம் என்னைக் கொஞ்சம் சீக்கிரம் கூட்டிட்டுப் போக முடியுமா?”

“ஏன்மா?”

“மாடு மட்டும் போதாதாம் அவருக்கு. யார் யார் செத்துப் போனாங்கன்னு இருக்கும்ல, அந்தப் பக்கத்துலருந்து ஆரம்பிக்கணுமாம். அவருக்குத் தெரிஞ்சவங்க நிறைய வருவாங்களாம். ஒவ்வொருத்தர் பத்தியும் எனக்குச் சொல்றேன்னாரு. அதுக்கு டைம் பத்தாது.”

முடியும் என்றேன்.